வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே

கராத்தே பெல்ட்டுகளின் கதை: பிள்ளைகள் ஏறும் ஏணி, பெற்றோர் கொடுக்கும் விலை

"பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும், மாஸ்டர்?"

பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர், ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்த கையோடு கேட்பது இதைத்தான். பதில் தெருவுக்குத் தெரு மாறும். ஓரிடத்தில் மூன்று வருஷம் என்பார்கள். அடுத்த தெருவில் ஐந்து. இன்னொரு மாஸ்டர், "அது பையனைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு வகுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. கராத்தே பெல்ட்டுக்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான தேர்வு வாரியம் என்று ஒன்று கிடையாது. எந்த நிறத்தை எப்போது கட்டலாம் என்பதை அந்தந்தப் பாணியும், அந்தந்தச் சங்கமும், பல ஊர்களில் அந்த ஒரே மாஸ்டருமே முடிவு செய்கிறார்கள்.

ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே எவ்வளவு காலம் போனது, அந்தக் காலத்தில் பிள்ளை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பெல்ட்டின் மதிப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்ட்

தமிழ்நாட்டில் பெல்ட் டெஸ்ட் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். பள்ளி மைதானமோ, சமுதாயக் கூடமோ, சின்ன ஊர் என்றால் ஒரு கல்யாண மண்டபமோ கிடைத்தால் போதும். ஒரு மேஜை, அதன் பின்னால் மூத்த மாஸ்டர்கள், மேஜைமேல் மதிப்பெண் தாள்கள். எதிரே வெள்ளைச் சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஓரமாகச் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாக்களும் அப்பாக்களும்.

தேர்வுக்கு மூன்று பகுதிகள். முதலில் கிஹோன், அதாவது குத்து, தடுப்பு, உதை ஆகிய அடிப்படைகளை எண்ணிக்கைக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் செய்வது. அடுத்தது கட்டா. கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு வரிசை மாறாமல் தனியாக ஆடிக் காட்டும் அசைவுத் தொகுப்பு. மூன்றாவது குமித்தே, எதிரே ஓர் ஆளை நிறுத்திச் செய்யும் சண்டைப் பயிற்சி.

கட்டாவில்தான் பிள்ளையின் உண்மை நிலவரம் வெளிப்படும். ஷோட்டோகான் பாணியில் முதலில் கற்றுத்தரும் கட்டா ஹெயான் ஷோதான். 21 அசைவுகள், ஒரு நிமிஷம்கூட ஆகாது. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, முன்னேறி ஒரு குத்து, அப்படியே வலப்பக்கம். பிறகு நடுக்கோட்டில் முன்னோக்கி மூன்று மேல்தடுப்புகள். மூன்றாவதில் கியாய் என்கிற முழக்கம். இதுவரை வந்துசேராத பிள்ளை அரிது. சிக்கல் அடுத்த நொடியில் இருக்கிறது. முழக்கம் போட்ட நிலையிலிருந்து இடுப்பை முக்கால் வட்டம் சுழற்றித் திரும்ப வேண்டும். எந்தக் காலை ஊன்றுவது, எந்தப் பக்கம் சுற்றுவது என்ற குழப்பம் அங்கேதான் வரும். பயிற்சி போதாத பிள்ளையின் கண், பக்கத்தில் நிற்கும் பிள்ளையை நோக்கி ஓடும். பேனாவைக் கையில் வைத்திருக்கும் மாஸ்டர் அதற்காகவே காத்திருப்பார்.

பெற்றோர் கைகளைப் பார்ப்பார்கள். தேர்வாளரின் கண் காலில் இருக்கும். குத்தும்போது பின்கால் குதி தரையை விட்டு எழும்புகிறதா? ஒரு கை முன்னே போகையில் மற்றக் கை இடுப்புக்கு முழுசாக வந்து சேர்கிறதா? திரும்புவதற்கு முன் தலையும் பார்வையும் திரும்பினவா? கடைசி அசைவு முடிந்ததும், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறாளா? அடியின் நீளம் சீராக இல்லாவிட்டால் இரண்டு அடி தள்ளிப்போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும். பாடம் மனப்பாடம் ஆகிவிட்டதா, உடம்பில் ஏறிவிட்டதா என்பதை அந்த இரண்டு அடி காட்டிக்கொடுத்துவிடும்.

நிறம் வந்த வழி

பெல்ட் ஏணி ஏதோ ஆயிரம் வருஷத்து மரபு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கராத்தே பிறந்த ஓகினவாத் தீவில் அந்தக் காலத்தில் பெல்ட்டும் கிடையாது, சீருடையும் கிடையாது. ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒரு சில மாணவர்கள், ஒரே கட்டாவைப் பல வருஷங்கள் செய்வார்கள். ஷோட்டோகான் பாணியின் மூலவரான கிச்சின் ஃபுனகோஷி (1868–1957), தெக்கி என்ற மூன்று கட்டாக்களைக் கற்கவே தமக்குப் பத்து ஆண்டுகள் பிடித்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் பத்து ஆண்டுக்குள் வெள்ளையில் தொடங்கி கறுப்புக்கு வந்து, டான் எனப்படும் கறுப்பு பெல்ட் படிகளில் இரண்டாவதையும் வாங்கிவிடுகிறார்கள்.

படிநிலை கராத்தேவுக்கு ஜூடோவிலிருந்து வந்தது. 1882இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, மறு ஆண்டே தம் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் தகுதி கொடுத்தார். தேறியவர்களை அடையாளம் காட்டக் கறுப்பு பெல்ட் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. கானோ ஒரு கல்வியாளர். வகுப்பில் நிறையப் பேர் சேரும்போது யாருக்கு எது தெரியும் என்று ஆசிரியருக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும், மாணவனுக்கும் அடுத்து எதை எட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். டான் முறை அந்தத் தேவைக்குப் பொருந்தியது.

1922இல் ஓகினவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தேவைச் செய்து காட்டிய ஃபுனகோஷியை, கோடோகானுக்கு அழைத்து ஆடிக் காட்டச் சொன்னவரும் கானோதான். இரண்டு ஆண்டு கழித்து, 1924 ஏப்ரலில், ஃபுனகோஷி தம் மாணவர்கள் சிலருக்கு கராத்தேவின் முதல் டான் தகுதிகளை வழங்கினார். பிற்பாடு வாடோ ரியூ பாணியை உருவாக்கிய ஹிரோனோரி ஓட்சுகா அவர்களில் ஒருவர். கராத்தேவில் அப்படி ஒரு தகுதி அதற்குமுன் இருந்ததே இல்லை என்பதால், கொடுத்தவருக்கே அப்போது டான் கிடையாது!

எல்லோரும் இதை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கோஜு ரியூ பாணியை நிறுவிய சோஜுன் மியாகி (1888–1953) கடைசிவரை தம் மாணவர்களுக்கு டான் தகுதி எதுவும் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். அவருடைய பாணியைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் இன்று உலகம் முழுக்க டான் சான்றிதழ் வழங்குகின்றன.

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் இன்னும் பிந்திய வரவு. ஐரோப்பாவின் ஜூடோ மன்றங்களில் பிறந்தவை. 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷியின் பெயரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் நீண்ட வறட்சியைத் தாண்டப் புது மாணவர்களுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. நிறங்கள் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தன. கராத்தேவும் கடன் வாங்கிக்கொண்டது.

பெல்ட்டைத் துவைக்காமல் வருஷக்கணக்காகக் கட்டியதால் வியர்வையும் மண்ணும் ஏறி வெள்ளை கறுப்பானது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் கிடையாது. கறுப்பு பெல்ட் முதலிலிருந்தே கறுப்புத் துணிதான்.

ஏணியின் படிகள்

கறுப்புக்குக் கீழே உள்ள படிகளுக்கு கியூ என்று பெயர். பத்தாவது கியூவில் ஆரம்பித்து ஒன்றாவது கியூ வரை இறங்குமுகமாக எண்ணுவார்கள். கறுப்பு வந்தபின் முதல் டான், இரண்டாம் டான் என்று ஏறுமுகம். நம் ஊரில் பரவலாகப் புழங்கும் வரிசை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பர்ப்பிள், பிரவுன், கறுப்பு. சில பள்ளிகளில் ஒரு நிறம் இருக்காது, சில பள்ளிகளில் வரிசை முன்னே பின்னே இருக்கும். பிரவுனுக்கு மட்டும் மூன்று படிகள் உண்டு.

வெள்ளையிலிருந்து ஆரஞ்சு வரை பிள்ளை கற்பது உண்மையில் நிற்பதைத்தான். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, எடையை முன்னே தள்ளி நிற்கும் ஸென்குத்சு நிலை பார்க்க எளிது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் தொடை சொல்லும். எதிராளி ஐந்து அடி முன்னேறி ஐந்து முறை குத்த, பின்வாங்கிக்கொண்டே ஐந்தையும் தடுத்து, கடைசியில் ஒரு பதில் குத்து விடும் கோஹோன் குமித்தே இந்தக் கட்டத்துக்கு உரியது. எங்கே அடிப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடாமல் நிற்பதுதான் பாடம்.

பச்சையும் நீலமும் வரும்போது எடை பின்காலுக்கு மாறும் நிலைகள், பக்கவாட்டு உதைகள், நீளமான கட்டாக்கள். ஹெயான் வரிசையில் ஐந்து கட்டாக்கள் உண்டு. ஓகினவாவின் அன்கோ இதோசு, கராத்தேவைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டு போன காலத்தில் மாணவர்களுக்கென்று பினான் என்ற பெயரில் அமைத்தவை. பெயரை ஹெயான் என்று மாற்றியவர் ஃபுனகோஷி. பாட்டு வகுப்பில் சரளி வரிசைக்கு உள்ள இடம் கராத்தேவில் இவற்றுக்கு. மூத்தவர்களும் விடாமல் செய்துகொண்டே இருப்பார்கள்.

பிரவுனுக்கு வந்ததும் புது நிறத்தின் குஷி தீர்ந்துபோகும். தெக்கி ஷோதான் கட்டாவில் முன்னே பின்னே போகவே முடியாது. குதிரைமேல் அமர்ந்ததுபோல் காலை அகட்டி, ஒரே கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். காலுக்கு வேலை குறைவு. இடுப்பின் சிறு அசைவிலிருந்து கைக்கு விசை வந்தாக வேண்டும். அடுத்து 42 அசைவுள்ள பஸ்ஸாய் தாய். இதுவரை கற்றதை எல்லாம் வேகமும் நிதானமும் கலந்து ஆட வேண்டிய கட்டா. குமித்தேயிலும் முன்கூட்டிச் சொல்லி அடிப்பது போய், எப்போது வரும் என்று தெரியாத அடிக்குத் தயாராக நிற்கும் கட்டம் வந்துவிடும்.

பிரவுனில் நின்றுபோகும் பிள்ளைகள்

எந்த வகுப்பை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வெள்ளையும் மஞ்சளும் மைதானத்தை நிறைத்திருக்கும். பச்சையில் வரிசை குறையும். பிரவுனில் விரல்விட்டு எண்ணிவிடலாம். திறமை போதவில்லை என்பது காரணமில்லை. பெரும்பாலும் காலண்டர்தான் காரணம்.

ஆறேழு வயதில் சேரும் பிள்ளை, ஒழுங்காக வந்தால், பன்னிரண்டு பதிமூன்று வயதில் பிரவுன் பெல்ட்டைத் தொடும். சரியாக அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் வந்து நிற்கும். சாயங்கால வகுப்பு நேரத்தை டியூஷன் எடுத்துக்கொள்ளும். "டென்த் முடிச்சுட்டு வரட்டும், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து முடிந்தால் பதினொன்று, பன்னிரண்டு, நீட், ஜேஇஇ. சீருடை பீரோவில் இருக்கும்போதே பிள்ளை அதைவிட வளர்ந்துவிடும்.

உடம்பும் அதே வயதில்தான் மாறுகிறது. திடீரென்று உயரும் பையனுக்குக் காலின் நீளமே புதிது. போன வருஷம் தலைக்கு மேலே போன உதை இப்போது தடுமாறும். பிள்ளைக்குத் தான் மோசமாகிவிட்டோம் என்று தோன்றும். உண்மையில் பழைய பாடத்தைப் புது உடம்புக்கு மீண்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கவலையும் சேரும். மாதவிடாய் நாள்களில் வெள்ளைச் சீருடையில் மைதானத்தில் நிற்பதற்கான தயக்கத்தை யாரிடமும் சொல்லாமலே வகுப்பை விட்டுவிடும் பெண்கள் உண்டு. அந்த நாள்களில் கறுப்பு பேன்ட் போட்டு வரலாம் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுபோகும் பிள்ளை தொடரக்கூடும்.

கட்டணம் எனும் கட்டா

இனி, பலரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். ஒவ்வொரு பெல்ட் டெஸ்ட்டுக்கும் கட்டணம் உண்டு. அதில் புது பெல்ட்டும் சான்றிதழும் அடக்கம். நிறம் ஏற ஏறத் தொகையும் ஏறும். பிளாக் பெல்ட்டுக்குத் தேர்வுக் கட்டணத்தோடு, தலைமையகத்தில் பதிவு செய்யவும் தனியே பணம் கட்ட வேண்டும்.

இதில் மாஸ்டர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் அதிகம் கேட்டால் பெற்றோர் வேறு வகுப்புக்குப் போய்விடுவார்கள். மைதான வாடகை, போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் செலவு, சங்கத்துக்குக் கட்ட வேண்டிய சந்தா எல்லாவற்றையும் ஈடுகட்டுவது டெஸ்ட் கட்டணம்தான். அது இல்லாவிட்டால் பல வகுப்புகள் மூடப்பட்டிருக்கும்.

கட்டணத்துக்காகவே டெஸ்ட் நடக்க ஆரம்பிக்கும்போதுதான் ஏணி கோணலாகிறது. வகுப்புக்குப் பாதி நாள் வராத பிள்ளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறம் மாறுவான். வைக்காத தேர்வில் தேறிய பெல்ட்டும் கைக்கு வரும். ஏழெட்டு வயதுக் குழந்தை கறுப்பு பெல்ட் கட்டி, செய்தித்தாளில் படம் வரும். குழந்தைகளுக்கு ஜூனியர் பிளாக் பெல்ட், தற்காலிக டான் என்று தனியே பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அது நேர்மையான வழி. பிரிக்காமல் கொடுப்பது அந்தக் குழந்தைக்கே கேடு. எட்டு வயதில் உச்சியைத் தொட்டுவிட்டதாக நம்பும் பிள்ளை ஒன்பதாவது வயதில் எதற்காக வகுப்புக்கு வர வேண்டும்?

சங்கங்களின் நிலவரமும் தெளிவாக இல்லை. உலக கராத்தே கூட்டமைப்பு 2020இல் இந்தியாவின் கராத்தே சங்கத்துக்கான அங்கீகாரத்தைத் தற்காலிகமாக நீக்கியது. ஒரே பாணியின் பெயரில் ஒரே ஊரில் இரண்டு சங்கங்கள், இரண்டு சான்றிதழ்கள், இரண்டு முத்திரைகள் இருப்பது நமக்குப் புதிதல்ல.

சான்றிதழ் எங்கே செல்லும்?

பிளாக் பெல்ட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் கேட்பது போட்டிச் சான்றிதழ். எந்த மட்டத்துப் போட்டி, யார் நடத்தியது, பதக்கம் உண்டா என்று பார்ப்பார்கள். பெல்ட் சான்றிதழை நீட்டி அந்த வரிசையில் நிற்க முடியாது.

போட்டி உலகமே பெல்ட் நிறத்தைக் கண்டுகொள்வதில்லை. உலகக் கூட்டமைப்பின் விதிப்படி ஒருவர் சிவப்பு, எதிராளி நீலம். எத்தனையாவது டான் என்பதற்கு அங்கே இடமில்லை. கராத்தே இடம்பெற்ற ஒரே ஒலிம்பிக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். அதில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்றவர் ரியோ கியுனா, கராத்தே பிறந்த ஓகினவாவின் பிள்ளை. அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை.

தற்காப்புக்காக என்றால் அதற்கும் பெல்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் நடக்கும் தற்காப்புப் பயிற்சி மூன்று மாத அளவிலானது. கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது, குரல் எழுப்புவது, ஓடுவது ஆகியவற்றை அந்த அளவு காலத்தில் கற்கலாம். பெல்ட் ஏணி நீண்ட காலத்துக்கான வேறு வகைப் பயிற்சி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்த்தால் இரண்டிலும் ஏமாற்றம் வரும்.

பிளாக் பெல்ட் வாங்கியவர் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவர் கை ஆயுதத்துக்குச் சமம் என்ற நம்பிக்கையும் நம் ஊரில் ஆழமாக உண்டு. அப்படி எந்தச் சட்டமும் இந்தியாவில் இல்லை. ஆனாலும் பெயருக்கு முன்னால் கராத்தே என்று ஒட்டிக்கொண்டால் தனி மரியாதைதான். சினிமாவில் கராத்தே மணி, அரசியலில் கராத்தே தியாகராஜன் என்று அந்த அடைமொழி இங்கே பட்டம்போல் நிலைத்திருக்கிறது.

கறுப்புக்குப் பிறகு

முதல் டான் வாங்கியவர் இரண்டாம் டானுக்கு இரண்டு ஆண்டு, அதிலிருந்து மூன்றாம் டானுக்கு மூன்று ஆண்டு என்று காத்திருப்பது பல அமைப்புகளில் வழக்கம். உயர உயரக் கட்டா மட்டும் பார்க்கமாட்டார்கள். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார், எத்தனை காலம் சேவை செய்தார் என்பதும் சேரும். பெல்ட்டின் நிறம் அதன்பிறகு பெரும்பாலும் மாறாது. எல்லோரும் ஒரே கறுப்பு. முதல் நாளிலேயே பிரமிப்பாகப் பார்த்த மூத்த மாணவரும், நேற்று டெஸ்ட்டில் தேறியவரும் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் நின்று, ஹெயான் ஷோதானைச் சேர்ந்து செய்வார்கள். ஒருவர் திரும்பும்போது இடுப்பு முதலில் போகும், மற்றவருக்குத் தோள் முதலில் போகும். வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

இரண்டு பெல்ட்டுக்கு நடுவே குறைந்தது எத்தனை மாதம்? டெஸ்ட்டுக்கு உட்கார எத்தனை வகுப்புக்கு வந்திருக்க வேண்டும்? கணக்கு வைத்திருக்கும் மாஸ்டர் யோசிக்காமல் சொல்வார்.

ஒவ்வொரு நிறத்துக்குமான பாடத்திட்டம் எழுத்தில் உண்டா? எந்தக் கட்டா, எந்த குமித்தே என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

டான் சான்றிதழில் பதிவு எண் இருக்குமா, அதை எங்கே சரிபார்க்கலாம்? மாஸ்டரின் சொந்தச் சான்றிதழையே காட்டச் சொல்லிக் கேட்கலாம். தப்பில்லை.

பிளாக் பெல்ட் வரை மொத்தச் செலவு எவ்வளவு? முதல் மாத ஃபீஸோடு சேர்த்து இதையும் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, போன டெஸ்ட்டில் எத்தனை பேர் தேறவில்லை என்று கேளுங்கள். அவர்களுக்கு மாஸ்டர் என்ன சொல்லி அனுப்பினார் என்றும் கேளுங்கள். யாருமே தோற்காத இடத்தில் பெல்ட்டின் மதிப்பு அதற்குக் கட்டிய தொகை மட்டும்தான். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பி, அந்த இரண்டு பேரும் அடுத்த வாரமே வகுப்புக்கு வந்து நின்ற இடமாக இருந்தால், யோசிக்காமல் பிள்ளையைச் சேர்த்துவிடலாம்.